கபடிப் பருவம்

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுமா என்று சித்திரை மாதத்திலிருந்தே வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருப்பது காவிரிப் பாசனத்து மக்களாகிய நமது பழக்கம். சில ஆண்டுகளாக எனக்கு அதனோடு இன்னொரு காத்திருப்பும் சேர்ந்துவிட்டது. தொழில்முறைக் கபடிப் போட்டியாகிய புரோ கபடி லீக் எந்த மாதத்தில் தொடங்கும் என்பதே அது. அணைக்காவது ஏட்டளவில் ஒரு தேதி உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. 2017-இல் ஆடி மாதத்தில் தொடங்கினார்கள். 2018-இலும் 2022-இலும் அக்டோபரில். 2021-இல் கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள் இருக்கும்போது. குடில் கட்டுவதா, கபடி பார்ப்பதா என்று எங்கள் பங்கு இளைஞர்கள் அவ்வாண்டு தவித்த தவிப்பை நான் கண்டும் காணாதவன்போல் இருந்தேன்.

2025-இல் ஆகஸ்ட் 29 என்று அறிவித்தார்கள். வேளாங்கண்ணியில் கொடியேறும் நாள்! அன்று மாலை எங்கள் கோவில் வளாகம் முழுவதும் காவி உடை அணிந்த நடைப்பயணிகள். அவர்களுக்கு மோரும் உணவும் படுக்க இடமும் ஏற்பாடு செய்து முடிப்பதற்குள், விசாகப்பட்டினத்தில் ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. கடைசிச் சில நிமிடங்களை, கொப்புளம் கண்ட காலை நீட்டி அமர்ந்திருந்த ஒரு பயணியின் கைப்பேசியில்தான் பார்த்தேன். தெலுகு டைட்டன்ஸ் அணியை 38-35 என்று நாம் வென்றோம்.

‘நாம்’ என்று எழுதுகிறேன். தமிழ் தலைவாஸ் என்னும் அணியை எந்த உரிமையில் ‘நாம்’ என்கிறேன் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இவ்விதழைப் படிக்கும் தாய்மார்களில் பலர், பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் எதற்காக இப்படிக் கூச்சலிடுகிறார்கள் என்று வியந்திருக்கக்கூடும். பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள ஒரு களம். பக்கத்துக்கு ஏழு பேர். பாடி வருகிறவர் முப்பது விநாடிக்குள் எதிர்ப்பக்கத்தில் ஒருவரையேனும் தொட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு முறை ஒரு பக்கம் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் பாடச் சென்றவர் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மூவரோ அதற்கும் குறைவானவரோ மட்டும் எஞ்சி நிற்கும்போது, அவர்கள் பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஆள் குறைந்து நிற்பவனின் பிடிக்கு மதிப்புக் கூடுகிறது. கபடிச் சட்டங்கள் அனைத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. தோற்றுக் கொண்டிருக்கும் பக்கம் இந்தச் சட்டத்தால் எத்தனையோ முறை மீண்டெழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சிறுவயதில் முப்பது விநாடிக் கணக்கு ஏது? மூச்சுத்தான் கணக்கு. தை, மாசியில் சம்பா அறுத்து முடிந்த வயலில், வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தாளை மிதித்து அமுக்கி, சாம்பலால் கோடு கிழித்தால் அதுவே ஆடுகளம். சடுகுடு என்பதே அப்போது எங்கள் வாயில் புழங்கிய பெயர். கீழே விழுந்தால் தாள் முதுகைக் கீறும். வீட்டுக்குப் போனால் தாயார் அந்தக் கீறலின்மேல் ஒன்று வைப்பார்கள். கோவில் திருவிழாவென்றால் அதே ஆட்டம் ஆற்றுமணல் பரப்பிய திடலில், குழல்விளக்கு வெளிச்சத்தில், ஒலிபெருக்கி அலற, விடிய விடிய நடக்கும்.

குருமடத்தில் சேர்ந்தபின் நிலைமை மாறிற்று. அங்கு மாலை விளையாட்டு என்பது மணியடித்து நடக்கும் கடமை. எங்களுக்கு வாய்த்தது கூடைப்பந்து. நான் உயரத்திலும் திறமையிலும் அதற்கு ஏற்றவனல்லன். ஆயினும் அவ்விளையாட்டின் வரலாறு எனக்குப் பிடித்திருந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில், பனிக்காலத்தில் அரங்கத்துக்குள் அடைபட்டிருந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பிறந்த இடமும் காலமும் தெரிந்த விளையாட்டு அது. இன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் 82 ஆட்டங்கள். எங்கள் பங்கிலேயே இரு கல்லூரி மாணவர்கள் அதற்கு அடிமை. அங்கு மாலையில் ஆடுவது இங்கு விடியற்காலையில் தெரியும் ஆதலால், காலைத் திருப்பலிக்கு அவர்கள் கண் சிவக்க வந்து நிற்பதன் காரணம் எனக்குத் தெரியும். வருகிறார்கள் அல்லவா, அது போதும். சடுகுடுவுக்கோ பிறந்த நாள் இல்லை; விதி எழுதியவர் இன்னார் என்பதும் இல்லை.

குருமட மாணவனாக இருந்த காலத்தில்தான், 1990-இல், பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் முதன்முறையாகக் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அந்தப் போட்டிகள் அனைத்திலும் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் ஒன்றே ஒன்று; அது கபடியில் கிடைத்தது. கூடைப்பந்துத் திடலில் நின்றுகொண்டு அச்செய்தியைக் கேட்டபோது எனக்கு உண்டான பெருமிதத்தை என்னவென்பேன்! நான்கு ஆண்டு கழித்து ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தென்கோடி மணத்தி கிராமத்துக் கணேசன் ஆடினார். 2025-இல் வந்த ‘பைசன்’ திரைப்படம் அவருடைய வாழ்வைத் தழுவியது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்.

2014-இல் எட்டு அணிகளோடு புரோ கபடி தொடங்கியபோது தமிழகத்துக்கென்று அணி இல்லை. 2017-இல்தான் தமிழ் தலைவாஸ் வந்தது. அணித்தலைவர் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். முந்திய ஆண்டு அகமதாபாதில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானிடம் பின்தங்கி நின்ற இந்தியாவை மீட்டுக் கொடுத்தவர் அவர். ஆகவே எங்கள் எதிர்பார்ப்பு எல்லை கடந்திருந்தது. நடந்தது என்ன? முதற்பருவத்தில் எங்கள் பிரிவில் கடைசி இடம். 2018-இல் சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் பாட்னாவை 42-26 என்று வீழ்த்தினோம். பருவம் முடியும்போது மறுபடியும் பிரிவில் கடைசி. 2019-இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். அடுத்த பருவம் பதினோராம் இடம். அதில் ஆறு ஆட்டங்கள் சமன். வெல்லவும் தெரியவில்லை, தோற்கவும் தெரியவில்லை என்று எங்கள் கோவில்பிள்ளை தலையில் அடித்துக் கொண்டார்.

பிறகு வந்தது 2022. பவன் செராவத் என்னும் புகழ்பெற்ற வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். ‘ஏலம்’ என்னும் சொல்லை நான் எழுதுவதற்கே தயங்குகிறேன். குளத்து மீனையும் தென்னந்தோப்புக் காயையும் ஏலம் விட்டுப் பார்த்திருக்கிறோம். மனிதனை ஏலம் விடுவதா? பல நாள் இதை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் முன்பு நாட்டுக்கு ஆடிய கபடி வீரர்களுக்குப் பதக்கத்துக்குப் பின் மிஞ்சியது, அதிர்ஷ்டமிருந்தால், இரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை. உழைப்புக்கு உரிய விலையைச் சொல்லச் சந்தைக்கு இதைவிட நாகரிகமான வேறு சொல் கிடைக்கவில்லை போலும். அந்தச் சொல்லைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

பவன் எங்கள் அணிக்காக ஆடிய முதல் ஆட்டம் அக்டோபர் 8-ஆம் நாள், குஜராத் அணியோடு. முதற்பாதியிலேயே முழங்காலில் அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. இரண்டே கால் கோடி ரூபாய் ஒரு முழங்கால் மூட்டில் நின்றிருந்தது! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ் தலைவாஸின் தலைவர் வடநாட்டார். அன்று எதிரே நின்ற குஜராத் அணியின் தலைவரோ தமிழராகிய சந்திரன் ரஞ்சித். எங்கள் கூடத்தில் பாதிப்பேர் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில் நரேந்தர் கண்டோலா என்னும் அரியானா இளைஞர் எழுந்தார். அதுதான் அவருக்கு முதற்பருவம். பாடிச் சென்றே 243 புள்ளிகள் எடுத்தார். பயிற்சியாளர் இடையில் மாறினார். அணி மெல்ல மெல்ல ஏறிற்று. டிசம்பர் 13-ஆம் நாள் மும்பையில் உ.பி. யோதாஸ் அணியோடு வெளியேற்றும் ஆட்டம். திருவருகைக் காலம், இரவு செபம் முடித்துவிட்டுப் பங்கு இல்லத்துக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான், கோவில்பிள்ளை, சமையற்காரர், ஏழெட்டுப் பிள்ளைகள். நாற்பது நிமிடம் முடிந்தபோது 36-36. அதன்பின் பக்கத்துக்கு ஐந்து முறை பாடிச் செல்லும் டைபிரேக்கர். ஒவ்வொரு முப்பது விநாடியும் ஒரு மணி நேரமாக நீண்டது. சமையற்காரர் பார்க்கத் துணிவின்றி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று குரல் மட்டும் கொடுத்தார். 6-4. வென்றோம். அந்நேரத்தில் தெருவில் வெடி போட்டவர்கள் யாரென்று மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டபோது, பங்கு இல்லத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றோம். பாதிநேரம் வரை முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றோம். அதன்பின் இவ்வளவு தூரம் அணி வந்ததில்லை. 2025-இல் பவனை மீண்டும் கொண்டு வந்தார்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே அவர் நீங்கிவிட்டார். அர்ஜுன் தேஷ்வால் தலைமையேற்று உழைத்தும் முதல் எட்டு இடங்களுக்குள் வர முடியவில்லை. கோப்பை டெல்லிக்குப் போயிற்று.

இனி அந்த ‘நாம்’. அரியானாவிலும் இமாசலத்திலும் பிறந்தவர்கள் தமிழின் பெயரை மார்பில் தாங்கி ஆடுவதில் எனக்கு வருத்தமில்லை. நம் அணிக்காக விழுந்து எழுகிறவன் நம்மவனே. என் வருத்தம் வேறு. கல்லணைப் பக்கத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதனை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் ஏறத்தாழ என் வயதினர். புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு 39 வயது. மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியளிக்கப் போகும் வயது. 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 46 வயதில் ஜெய்ப்பூர் அணியில் இடம்பெற்றிருந்தார். பீடத்துப் படியேறவே முழங்காலைப் பிடித்துக் கொள்ளும் எனக்கு அது என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பாருங்கள். பாட்னா, புனே, மும்பை, அரியானா என்று பல அணிகளுக்கு ஆடிய அந்தத் தஞ்சை மண்ணின் மைந்தர், ஆட்டக்காரராகத் தலைவாஸின் சட்டையை அணிந்து நான் பார்க்கவில்லை. 2024-இல் வியூகப் பயிற்சியாளராகத்தான் வந்தார்.

ஆனால் காற்று மாறுகிறது என்று நம்ப ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய ஆண்களும் பெண்களும் கபடித் தங்கம் வென்றார்கள். பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். இருவருக்கும் அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கிற்று. வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், அவ்வூர்த் திடலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எங்கள் பங்கிலும் ஒரு பையன் இருக்கிறான். தந்தை குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பயிரிடுகிறார். மண்ணில் நன்றாக ஆடுகிறவன், மாவட்டப் போட்டியில் செயற்கை விரிப்பின்மேல் முதன்முதலாக நின்றபோது, காலணி பழகாமல் வழுக்கி வழுக்கி விழுந்தான். ஆயினும் தேர்வாளர்கள் கண்ணில் பட்டுவிட்டான். அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அவன் தாயார் என்னிடம் வந்தார்.

“சாமி, அந்தப் பவனு தம்பிக்கு ஆனமாதிரி இவனுக்கும் கால் போயிட்டா, நாங்க யார்கிட்டப் போய் நிப்போம்?”

பவனுக்கு அறுவை மருத்துவம் செய்ய ஓர் அணி நிர்வாகம் இருந்தது. இவனுக்கு யார் இருக்கிறார்கள்? பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. “படிப்பை விடாம ஆடட்டும்மா. கால் போனாலும் கையில சான்றிதழ் இருக்கும்” என்றேன். அவர் அதில் முழுவதும் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் புது இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, வேட்டி, துண்டு, முறுக்கு டப்பா எல்லாம் வைத்து அனுப்பிவிட்டார்.

இப்போது தலைவாஸ் ஆடும் நாள்களில் இரவு ஒன்பதரைக்குமேல் விடுதியிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. முன்பெல்லாம் பாடுகிறவர்களைப் பற்றியே பேசுவான். இப்பொழுது மூலையில் நின்று பிடிப்பவர்களின் பாதம் எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்று சொல்கிறான். அவனையும் இடது மூலையில்தான் நிறுத்தியிருக்கிறார்களாம்.