‘ஃப்ரீ’ என்னும் சொல்லும் ‘ஃப்ரீ விசா’வும்



‘ஃப்ரீ’ என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் நாள்தோறும் பல பொருள்களில் ஆள்கிறோம். கடலூரின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குப் பயணம் ஃப்ரீ. “அஸருக்குப் பிறகு ஃப்ரீயா?” என்றால் ஓய்வு. “ஃப்ரீயாகப் பேசுங்கள்” என்றால் தயக்கமின்மை. அரபியிலோ தனித்தனிச் சொற்கள் உண்டு: விலையின்றிக் கிடைப்பது மஜ்ஜான், ஓய்வாக இருப்பவர் ஃபாரிக், எவருக்கும் அடிமைப்படாதவர் ஹுர்.

இவற்றுள் எதுவும் பொருந்தாத ஃப்ரீ ஒன்றும் நம் பகுதியில் புழங்குகிறது. அதுவே ‘ஃப்ரீ விசா’.

சிதம்பரத்தில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார், அரபியில் இருந்த விசாத் தாளை அண்மையில் படிக்கக் கொண்டுவந்தார். மகன் ஏ.சி. மெக்கானிக். தாளிலோ ‘ஸாயிக் காஸ்’, அதாவது வீட்டு ஓட்டுநர் என்றிருந்தது. “ஃப்ரீ விசாதான் ஹஜரத். அங்க போயி எந்த வேலை வேணும்னாலும் பாக்கலாமாம்” என்றார். கேட்கப்பட்ட தொகை 1,50,000 ரூபாய். நகையை அடகு வைக்க ஆயத்தமாயிருந்தார்.

வளைகுடா நாடுகளின் சட்டத்தில் ஃப்ரீ விசா என்றொரு வகையே இல்லை. ஒரு கஃபீல் தம் பெயரில் விசா எடுத்து, பணம் பெற்றுக்கொண்டு ஆளை வெளியே விட்டுவிடுகிறார். பிறரிடம் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல். கூலி கிடைக்காவிட்டாலும் முறையிட இயலாது. விலை கொடுத்து வாங்கியதால் அது மஜ்ஜானும் அன்று. சுதந்திரமின்மையால் போனவர் ஹுர்ரும் அல்லர்.

மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் கூறுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. அவர்களுள் ஒருவர் சுதந்திரமான மனிதரை விற்று அக்கிரயத்தை உண்டவர்; மற்றொருவர் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். ஆள் விற்பனையும் கூலி மறுப்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

அத்தாயாரிடம் தாளில் உள்ளதை உள்ளபடி சொன்னோம். நகை வீட்டிலேயே இருக்கிறது. முன்பணமாகக் கொடுத்த 10,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.

பயணம் புறப்படும் பிள்ளைகளே! முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. விசாவிலுள்ள வேலை நீங்கள் செய்யப்போகும் வேலைதானா என்று, அரபி அறிந்தவரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். மதரஸாவில் இதற்குக் கட்டணம் இல்லை.

ஹலாலான வாழ்வாதாரத்தை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் எளிதாக்குவானாக! ஆமீன்.