பெரிய அடுப்பு

2018ஆம் ஆண்டு ரமலானில் என் தங்கை கணவரது பேக்கரியில் ரொட்டி போதாமல் போயிற்று. நாளொன்றுக்கு 180 விற்ற இடத்தில் 300 கேட்டார்கள். கடைக்காரர்கள் கோபித்துத் திரும்பினர். இருந்த அடுப்பில் ஒரு தடவைக்கு 45 ரொட்டிதான் வேகும். “பெரியதாக ஒன்று வாங்கிவிடுங்கள், மச்சான்” என்று சொன்னவன் நான்தான். வரலாறு படித்து மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. தங்கையின் 6 வளையல்கள் அடகுக்குப் போயின. 200 ரொட்டி கொள்ளும் டீசல் அடுப்பு வந்து இறங்கியது. பழையது ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது.

பெருநாள் கழிந்ததும் விற்பனை மீண்டும் 180இல் வந்து நின்றது. மாவு பிசையும் இயந்திரமோ பழையதே. 25 கிலோ மைதாவுக்கு மேல் ஏற்காது. அதில் சுமார் 90 ரொட்டிக்கே மாவு கிடைக்கும். அடுப்பு நிரம்ப இரண்டு முறை பிசைய வேண்டும். இரண்டாவது மாவைப் பிசைந்து, வெட்டி, அச்சிலிட்டு, அது உப்பி வருவதற்குள் முதல் மாவு மிகையாகப் புளித்து, வேகும்போது அமுங்கிவிடும். காத்திராமல் பாதி அடுப்பில் வேகவைத்தாலோ, அந்தப் பெரிய அறையைச் சூடேற்ற ஏறக்குறைய முழு அடுப்புக்குரிய டீசலே செலவாகும்.

“பிசையும் இயந்திரத்தையும் பெரிதாக வாங்கலாமே” என்று மறுபடியும் என் நாக்கு நீண்டது.

“வாங்கிச் சுட்டதை யாருக்குக் காக்கா விற்பது?” என்றாள் தங்கை. எனக்கு மறுமொழி இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ரொட்டி மாஸ்டர். “ஹஜ்ரத், பழைய அடுப்பு சிறியதில்லை. 40 நிமிடத்துக்கு ஒரு தடவையாக 4 தடவை. ஆக, நாளில் 3 மணி நேரம்கூட அது எரியவில்லை. நோன்பில் 7 தடவை எரித்திருந்தால் 300 வந்திருக்கும். நோன்பு நோற்ற பையன்களுக்குத் துணையாக, இரவில் இன்னும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்” என்றார். ஒரு மாதத் தேவைக்காகப் பதினொரு மாதச் சுமையை வாங்க வைத்திருந்தேன்.

2019இன் தொடக்கத்தில் பெரிய அடுப்பு நட்டத்துக்கு விற்கப்பட்டது. 4 வளையல்கள் மீண்டன. மற்ற இரண்டுக்கும் என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்தேன். தங்கை வேண்டாமென்றாள், மச்சான் பேசாமல் வாங்கிக்கொண்டார். அவ்வாண்டு ரமலானில், தராவீஹ் முடிந்து நான் அந்த வழியே வருகையில், பழைய அடுப்பு இரண்டாவது தடவைக்கு எரிந்துகொண்டிருந்தது.