உப்பளத்திற் கற்ற பாடம்

கல்லூரியிற் கற்பது ஒரு கல்வி. கல்லூரிக்குப் புறத்தே, நாம் எதிர்பாராத இடத்தில், நாம் ஆசிரியரென்று கருதாத ஒருவரிடம் கற்பது பிறிதொரு கல்வி. முன்னதற்குரிய தேர்வு நாட்குறித்து வரும். பின்னதன் தேர்வோ அறிவிப்பின்றி வந்து நிற்கும். அத்தகைய தேர்வொன்றில் நான் தவறிய வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் ஊர் ஆறுமுகநேரி. திருநெல்வேலியினின்று திருச்செந்தூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது. கிழக்கே காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்கள். தெற்கே செந்திலாண்டவன் திருக்கோயில். கடற்கரை நெடுகிலும் பரதவர் எழுப்பிய மாதா கோயில்கள். இத்தனை வழிபாடுகளுக்கும் நடுவே உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கோடையில் அளத்துத் தொழிலாளர் விடியுமுன்னரே பாத்திகளில் இறங்கிவிடுவர். வெயில் ஏறிய பின்னர் உப்பின் வெண்மை கண்ணைப் பறிக்குமாதலின் பெரும்பகுதி வேலை அதற்கு முன்னரே முடிதல் வேண்டும். வாரிய உப்பை வரப்பிற் குவித்து உலர்த்தி, அம்பாரமாக்கி, பனையோலை வேய்ந்து மழையினின்று காப்பர்.

சென்ற கோடை விடுமுறையில், கல்லூரிச் சம்பளத்திற்கு ஓரளவேனும் உதவியாகுமென்று கருதி, உப்பு நிறுக்கும் கொட்டகை யொன்றிற் கணக்கெழுதச் சேர்ந்தேன். அங்கே எங்களுடன் அறுவர் பணியாற்றினர். அவருள் ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், மூத்த கணக்கர். அவரை நாங்கள் ‘கோவை அண்ணாச்சி’ என்றழைத்தோம்.

காலை பத்து மணிக்குத் தேநீர் வருவது கொட்டகை வழக்கம். அண்ணாச்சி முதல்நாளே, “எனக்கு வேண்டாம், மோர் கிடைத்தால் போதும்” என்றார். வயிற்றுக் கோளாறு போலும் என்று எண்ணினோம். ஒரு வாரஞ் சென்றபின் எடையாளர் ஒருவர் காரணம் கேட்டார். அண்ணாச்சி மறையாது உரைத்தார்: “எங்கள் சபையில் மதுவும் புகையிலையும் போலவே தேநீரும் காப்பியும் விலக்கு. நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். மார்மன் சபை என்று பலரும் சொல்வது அதுவே.”

அன்றுதொட்டுத் தொல்லை தொடங்கிற்று. எடையாளர் கைப்பேசியிலே எதையெதையோ தேடிப் படித்து வந்து, “அண்ணாச்சி, ஊரில் உமக்கு எத்தனை மனைவியர்?” என்று நாள்தோறும் வினவுவார், மற்றவர் நகைப்பர். அண்ணாச்சி முதன்முறை பொறுமையாக விடை கூறினார். அச்சபையார் அமெரிக்க நாட்டில் ஒருகாலத்தில் பலதார மணம் செய்ததுண்டு என்றும், 1890-ஆம் ஆண்டு சபைத் தலைவர் வெளியிட்ட அறிக்கையால் அதனைக் கைவிடத் தொடங்கினர் என்றும், இன்று அவ்வாறு மணப்பவர் சபையினின்று நீக்கப்படுவர் என்றும் சொல்லி, “எனக்கு ஒருத்திதான். அவள் கேட்கும் கணக்கிற்கே என்னால் விடை சொல்ல முடியவில்லை” என்று முடித்தார். ஒரு கணம் எல்லாரும் அவரோடு சேர்ந்து சிரித்தோம். மறுநாள் அதே வினா மீண்டும் வந்தது. வினா விடையை வேண்டி எழுந்ததன்று என்பது அப்போதே எனக்கு விளங்கியிருத்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் உண்மையை மறையாது சொல்லவேண்டும். கொட்டகையில் இருந்த இந்துக்களும் ஒரு முஸ்லிம் சகோதரரும் அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கடுமை காட்டியவர் கிறிஸ்தவர்களாகிய நாங்களே. ஒருநாள் எடையாளர் என்னை நோக்கி, “தம்பி, நீ கிறிஸ்தவக் கல்லூரியிற் படிக்கிறவன். இவர் கிறிஸ்தவரா, அல்லவா? நீயே சொல்” என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தனர். அண்ணாச்சியும் பார்த்தார். அவர்தாம் என் கணக்கிற் பிழை கண்டபோதெல்லாம் பிறரறியாமல் திருத்திக் கொடுத்தவர். நானோ, கேட்டவர் மனம் மகிழ்தலையே பெரிதாக எண்ணி, “இல்லை, அது வேறு ஏதோ கூட்டம்” என்றேன். கொட்டகை அதிரச் சிரித்தனர். அண்ணாச்சி தலையைக் குனிந்து கணக்கேட்டைப் புரட்டினார்.

அச்சபையைப்பற்றி அன்று நான் அறிந்திருந்தது யாது? ஒன்றுமில்லை. பின்னரே படித்தேன். ஜோசப் ஸ்மித் என்பார் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் இதனை நிறுவினார். மிசூரி மாநில ஆளுநர் 1838-ல் அச்சபையாரை அழித்தொழிக்கவேனும் துரத்தவேனும் கட்டளையிட்டார். அக்கட்டளை முறையாக நீக்கப்பட்டது 1976-லேதான். ஸ்மித் 1844-ல் சிறைச்சாலையிலேயே கும்பலாற் கொல்லப்பட்டார். எஞ்சியோர் 1847-ல் பாலையும் மலையுங் கடந்து உப்பேரிக் கரையிற் குடியேறினர். நம் சென்னைப் பட்டினத்திற்கு அவர்தம் ஊழியர் 1853-லேயே வந்துளர், நிலைபெறவில்லை. நூறாண்டுக்குப் பின் கோயமுத்தூரிற் கணக்கராயிருந்த பவுல் திருத்துவதாஸ் என்பார், நெடுநாட் கடிதத் தொடர்புக்குப்பின் 1965-ல் அச்சபையிற் சேர்ந்தார். மார்மன் புத்தகம் தமிழில் 1982-ல் வெளிவந்தது.

இவற்றைப் படித்ததனால் அச்சபையின் கொள்கை எனக்கு உடன்பாடாயிற் றென்று எவரும் எண்ணற்க. வேதாகமத்தோடு வேறொரு நூலையும் வேதமாகக் கொள்வதையும், திரித்துவத்தைப்பற்றி அவர் கூறும் விளக்கத்தையும் என்னால் ஏற்க இயலாது. பெரிய சபைகள் பலவும் அவர்தம் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அவ்வேறுபாடு சிறிதன்று, அதனை மழுப்புதல் இருதிறத்தார்க்கும் செய்யும் அவமதிப்பாகும். ஆயினும் கொட்டகையிலே என்னிடம் கேட்கப்பட்டது உண்மையில் இறையியல் வினாவா? ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்த என் கல்லூரியின் பெயரைக் கடனாகக் கேட்டார்கள், நான் கொடுத்துவிட்டேன். இதுவே என் பிழை.

அன்றிரவு என் பாட்டனார் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. எங்கள் முன்னோர் முதலூரிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியதற்காகத் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டோர்க்குப் புகலிடமாக, தாவீது சுந்தரானந்தம் முயற்சியால் 1799-ல் எழுந்த ஊர் அது. அக்கதையைக் கேட்குந்தோறும் எம் நெஞ்சு நிமிரும். ஆயினும் அதே பாட்டனார், 1857-ல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை தனிச்சபை கண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரித்த செய்தியைச் சொல்லும்போது ஏளனமாகவே சொல்வார். துன்பம் பட்டவர் பேரர், தம்மினும் சிறுபான்மையானோரைக் கண்டு நகைக்கின்றனர். துன்பம் மரபாகத் தொடர்வது போல அதனால் விளைய வேண்டிய இரக்கம் தொடர்வதில்லை போலும்.

இனி அண்ணாச்சி நடந்துகொண்ட முறையைச் சொல்வேன். தேநீர் வாங்கிவரும் முறை அவருக்கு வந்த நாளில், தாம் தொடாத அப்பானத்தைப் பிளாஸ்கு நிறைய வாங்கிவந்து, ஒவ்வொருவர்க்கும் அவரவர் விரும்பும் சர்க்கரை அளவு தவறாமல் ஊற்றிக் கொடுப்பார். எம் சபைகளைப்பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டார். இவற்றைக் கண்டு, இவர் எதற்கும் பணிந்துபோகும் இயல்பினர் என்று சிலர் நினைத்தனர் போலும். ஒருநாள் அவர் எழுந்து சென்ற சமயத்தில் அவரது தண்ணீர்ச் செம்பில் யாரோ தேநீரைக் கலந்துவிட்டார்கள். வாயருகே கொண்டுசென்றவர் நிறத்தைக் கண்டு நிறுத்தினார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, உரத்த குரலின்றி, “என் மார்க்கத்தைப்பற்றி எதுவும் கேளுங்கள், தெரிந்தவரை சொல்லுகிறேன். பிழையென்று வாதாடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என் தண்ணீரிற் கைவையாதீர்கள்” என்றார். பின் செம்பைக் கழுவி வேறு நீர் மொண்டு வந்து வேலையிலமர்ந்தார்.

பொறையுடைமை என்னும் அதிகாரத்தை உரைவேற்றுமைகளுடன் நான் நெட்டுருச் செய்தவன். பொறுமைக்கு ஓர் எல்லைக்கோடும் உண்டு, அதனைச் சினமின்றி இட இயலும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இத்தகைய எல்லையை நம் நாட்டுச் சட்டமும் அறியும். கேரள நாட்டில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றும், மனச்சாட்சி இடந்தராமையாற் பாடாதிருந்தனர். 1985-ல் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். உச்சநீதிமன்றம் 1986-ல் அவர்களை மீண்டும் சேர்க்கத் தீர்ப்பளித்தது. அக்கொள்கை பிறர்க்கு விந்தையாகத் தோன்றுகிறதா என்பதன்று, அவர் உண்மையாகவே அதனைப் பற்றி நிற்கின்றாரா என்பதே நீதிபதிகள் நோக்கியது. சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவிடும். தேநீர்க் கொட்டகையில் ஒருவரை மனிதராக மதிக்க வைப்பது சட்டத்தால் ஆவதன்று. அது பக்கத்தில் இருப்பவன் கையில் உள்ளது.

மறுநாட் காலை பக்கத்தில் இருந்தவன் நான். தேநீர் வந்தபோது எழுந்து நின்றேன். நா வறண்டது. “அன்று அண்ணாச்சியைப்பற்றி நான் சொன்னது தெரியாமற் சொன்னது. அவர் கொள்கை எனக்கு உடன்பாடன்று. ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க என் கல்லூரிப் பெயரைச் சொன்னது தவறு. அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றேன்.

கதைகளில் வருவதுபோல எவரும் மனமாறிக் கண்ணீர் விடவில்லை. எடையாளர், “தம்பியும் மார்மன் ஆகிவிட்டார்” என்றார், சிலர் நகைத்தனர். ஆனால் முன்போல் எல்லாரும் நகைக்கவில்லை. அண்ணாச்சி, “உட்கார், தம்பி, தேநீர் ஆறுகிறது” என்று மட்டும் சொல்லி என் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். செம்பில் எவரும் அதன்பிறகு கைவைத்ததில்லை.

விடுமுறை முடிந்து விடைபெறச் சென்றபோது என் கணக்கேட்டை ஒருமுறை முழுதும் பார்த்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் கூட்டற் பிழை ஒன்றிருந்தது. அதனைத் தாம் திருத்தாமல் விரலால் மட்டும் சுட்டிக்காட்டினார். நானே திருத்தினேன்.