கலத்தின் மேனியும் காப்பும்

நிலத்தில் நிற்கும் மரத்தைப் பட்டை காக்கிறது. அதனை அறுத்துப் பலகையாக்கிக் கடலிலே விட்டபின், பட்டையின் கடமையை மனிதனே ஏற்கவேண்டியவனாகிறான். பாய்க்கலத்தின் வெளிமரத்துக்கு எண்ணெய் தேய்ப்பதா, வார்னிஷ் பூசுவதா, தீந்தை இடுவதா என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு கலத்தின் ஆயுள் பெரும்பாலும் அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே தங்கியுள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வினா புதியதன்று. வல்வெட்டித்துறை ஓடாவிமார் 1930ஆம் ஆண்டளவில் வேப்பமரங் கொண்டு கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 89 அடி நீளமானது. அதனை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அத்திலாந்திக்கைக் கடக்க மாலுமியின் துணிவு மட்டும் போதாது. பலகையும் உப்பையும் வெயிலையும் தாங்கவேண்டும்.

நீருக்குள் அமிழும் பகுதிக்குப் பகை கப்பற்புழு. அதனைத் தடுக்கவும் நீர் கசியாதிருக்கவும் இந்து சமுத்திரக் கரைகளில் கலப்பற்று இடுதலும், குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுதலும், சுறா எண்ணெய் தடவுதலும் நெடுங்கால வழக்கங்கள். நீருக்கு மேலுள்ள கைப்பிடிச் சட்டங்களுக்கும் விளிம்புப் பலகைகளுக்கும் பகை வேறு. வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள், மரநார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிவிட, மரம் நரைத்து வெடிக்கிறது. பலகையின் வெட்டுமுனை, பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுவதால், உக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இனிப் பூச்சுகளை நோக்குவோம். வார்னிஷ் மரத்தின் ரேகைகளை ஒளிரச் செய்வது. கண்ணுக்கு அதுவே அழகு. ஆனால் அதன் படலத்தை ஊடுருவும் ஒளி, அடியிலுள்ள மரத்தைத் தாக்கிப் பிடிப்பை இழக்கச் செய்கிறது. ஓரிடத்திற் கீறல் விழுந்தால் நீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். பின்னர் முழுவதையும் சுரண்டியே புதிதாகப் பூசவேண்டும். தீந்தையிலுள்ள நிறப்பொருள் ஒளியை மறித்து நீண்ட காலம் காக்கும். எனினும் மரத்தை முற்றாக மறைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் போன்றவை மரத்துள் ஊறுவன, பெரும்பாலும் உரிவதில்லை. ஆனால் வெயிலில் விரைவில் வற்றும். ஈரக் காலத்திற் பூஞ்சணமும் பிடிக்கும். அடிக்கடி தேய்க்கவேண்டியதே அதன் குறை.

எதனைத் தெரிந்தாலும் முறை ஒன்றே. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி மரத்தை உலரவிடவேண்டும். உப்புத் தங்கினால் அது ஈரத்தை இழுக்கும், பூச்சுப் பிடிக்காது. வாடை மழை ஓய்ந்து, சோளகம் எழுவதற்கு முற்பட்ட மாதங்களே இதற்கு உகந்தவை. பனி உலர்ந்தபின்னும் வெயில் உச்சிக்கு ஏறுமுன்னும், மெல்லிய படைகளாகப் பூசுதல் நன்று. வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக ஊட்டவேண்டும்.

குறை எனப்பட்ட அந்த அடிக்கடி தேய்த்தலே எண்ணெயின் சிறப்புமாகும் என்பது இங்கு சிந்திக்கத்தக்கது. எண்ணெய் எதனையும் ஒளிப்பதில்லை. துணியோடு மரத்தின்மேற் செல்லும் கை, வெடிப்பையும் உக்கலையும் தொடக்கத்திலேயே அறிந்துவிடும். தடித்த பூச்சுக்கு அடியிலோ மரம் சத்தமின்றிச் சாகக்கூடும். ஆதலின் உராய்வுபடும் விளிம்புகளுக்குத் தீந்தையும், கைபடும் மரத்துக்கு எண்ணெயும், நிழலில் இருப்பவற்றுக்கு மட்டும் வார்னிஷும் எனப் பகுத்துக்கொள்வதே இந்நாட்டு வெயிலுக்கு ஏற்றது எனலாம்.

சுதந்திரத்தின் பின்னர் பாய்க்கப்பல் வாணிபம் தளர்ந்தது. கண்ணாடி நார்ப் படகுகள் பரவின. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் கடலையே மக்களுக்கு அடைத்தது. மரக்கலம் அருகும்போது அதனோடு அருகுவது பலகை மட்டுமன்று. பலகையைத் தொட்டு அதன் நோயறியும் கைகளுமாகும். எழுதிவைத்த குறிப்பினால் அந்த அறிவு முழுமையாகக் கைமாறாது. மூத்த ஓடாவியின் அருகிருந்து ஆண்டுதோறும் எண்ணெய் தேய்க்கும் இளைஞனுக்கே அது கைவரும். அடிக்கடி உழைப்பைக் கேட்கும் பூச்சு, அடிக்கடி கற்பிக்கும் பூச்சுமாகும்.