இருபத்தோராவது மாத்திரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அப்பா எடை போட்டுக்கொண்டிருந்த அரிசி மண்டியில் ஏழு பூனைகள் இருந்தன. எதற்கும் பெயர் கிடையாது. எலி பிடிப்பது அவற்றின் வேலை. மத்தியானம் வரும் மீன் தலை சம்பளம். ஏதாவது ஒன்று சுணங்கினால் மூட்டைகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். தேறினால் வெளியே வரும். தேறாவிட்டால் இரண்டு நாளில் வாடை வரும். பூனைக்கு மருந்து என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது.

அந்தத் தெருவில் வளர்ந்த நான் பிறகு எறணாகுளத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் இருபத்தாறு வருடம் உதவியாளனாக இருந்தேன். டாக்டர் ஊசி போடுவார், நான் பிடிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது வல்லார்பாடத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை இந்தத் தீவுக்குப் படகுதான். 2011இல் கண்டெய்னர் முனையம் வந்தபின் இரவெல்லாம் லாரிச் சத்தம். கூடையில் பூனையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரத்து டாக்டர் முன்னால் நிற்கலாம். ஆனால் சீட்டோடும் மாத்திரையோடும் வீடு திரும்பிய பிறகுதான் பாடு தொடங்குகிறது. அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே தமிழன் என்றால் அண்ணாச்சி. பூனைக்குப் பூச்ச. ஆகவே நான் ‘பூச்ச அண்ணாச்சி’.

போன மழைக்காலத்தில் பசிலிக்காவுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஒரு சேச்சி கூப்பிட்டார். பூனையின் பெயர் சுந்தரி, நாலு கிலோ. ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் கிருமி. தெள்ளுப்பூச்சி மூலம் பரவியிருக்கலாம் என்றாராம் டாக்டர். டாக்ஸிசைக்ளின், இருபத்தோரு நாள். “நாலு நாள் எப்படியோ கொடுத்துட்டேன் அண்ணாச்சி. இன்னைக்கு அட்டை சத்தம் கேட்டதுமே அலமாரி மேலே ஏறிட்டா. குணமானா அம்மையோட முற்றத்தைப் பெருக்கறதா நேர்ந்திருக்கேன்.” வல்லார்பாடத்தம்மைக்குத் துடைப்பம் எடுத்து முற்றம் பெருக்குவது இங்கே பழைய நேர்ச்சை. “நேர்ச்சை இருக்கட்டும் சேச்சி, முதல்ல எப்படிக் கொடுக்கறீங்கன்னு காட்டுங்க” என்றேன்.

காட்டினார். துரத்தினார், மூலையில் மடக்கினார், பிடரியைப் பிடித்துத் தூக்கினார், தோர்த்துத் துண்டில் சுற்றினார். கேரளத்துத் தோர்த்து மெல்லியது; நகம் நேராகக் கையில் இறங்கும். பிடரிப்பிடியும் வேண்டாம். தாய்ப்பூனை குட்டியைத் தூக்குகிறதே என்பார்கள். வளர்ந்த பூனைக்கு அது பயத்தில் உறைந்துபோகும் நிலை. என் வேலையின் முதல் பாதியில் நானும் அப்படித்தான் பிடித்தேன். வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். மறுவருகையில் அதே பூனை என் வாசனைக்கே சீறும்.

முறை இதுதான். தடித்த குளியல் துவாலையை மேசையில் விரித்து, பூனையை நடுவில் உட்கார வைத்து, கழுத்தடியில் இடைவெளி இல்லாமல் இரு பக்கமும் மடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் துணியில் சுற்றுகிற மாதிரி, தலை மட்டும் வெளியே. அதன் முதுகு நம் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும்; எதிரே நின்றால் அது பின்னால் நழுவும். இடது கை தலைக்கு மேலாக வந்து, கட்டைவிரலும் நடுவிரலும் இரு கன்ன எலும்பிலும் பதியட்டும். மூக்கு மேலே போகிற அளவுக்குத் தலையைச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கையின் ஒரு விரலால் கீழ் முன்பற்களுக்கு மேல் லேசாக அழுத்தி, நாக்கின் மேட்டுக்கு அப்பால் மாத்திரையைப் போட வேண்டும். மேட்டுக்கு இப்பால் விழுந்தால் துப்பிவிடும். வாயை மூடித் தலையை இறக்கிவிடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது. மொத்தம் ஐந்து நொடி. மூன்றாவது முயற்சியிலும் முடியவில்லை என்றால் விட்டுவிட்டு அரைமணி கழித்து வரவேண்டும். நம் கோபம் நம் விரலுக்கு வந்துவிட்டது என்பது பூனைக்கு நமக்கு முன்னால் தெரியும்.

அடுத்தது தண்ணீர். இதை நான் கற்றதற்கு என் சொந்தப் பூனை விலை கொடுத்தது. இதே மருந்தைத்தான் வெறும் தொண்டையில் போட்டு, சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டேன். பத்தாம் நாள் சாப்பிட்டதையெல்லாம் கக்கியது. மாத்திரை உணவுக்குழாயில் நின்று கரைந்து புண்ணாக்கியிருந்தது; புண் ஆறும்போது குழாய் சுருங்கியும் போகலாம். படுத்தே சாப்பிடும் மனிதனுக்கு மாத்திரை நெஞ்சில் நிற்கிற மாதிரி, பூனைக்கு அடிக்கடி நிற்கும். அதனால் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர், கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி வழியே கொடுப்புக்குள், துளித்துளியாக. இதற்குத் தலையை உயர்த்தவே கூடாது. உயர்த்தினால் நுரையீரலுக்குப் போகும்.

“சர்க்கரையில் குழைத்துக் கொடுக்கலாமா?” எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்து வளர்த்த கை அது. பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு அதனிடம் செயலிழந்து கிடக்கிறது என்று 2005இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். மெட்ரோனிடசோல் மாத்திரை நாக்கில் பட்டால் சோப்பு நுரை மாதிரி வாயில் வழியும். வீட்டுக்காரர் விஷம் ஏறிவிட்டதாக அலறுவார். பெரும்பாலும் அது கசப்புக்கு வந்த எச்சில்தான்.

நிஜமான விஷம் வீட்டு டப்பாவில் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, “காய்ச்சலுக்கு ஏதாவது கொடுத்தீங்களா?” பாரசிட்டமாலைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது, ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க மறந்துவிடும், ஈறு பழுப்பாகும். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் தெள்ளு மருந்தும் அப்படித்தான்.

சுந்தரி விஷயத்தில் சேச்சியின் விரல் சீக்கிரமே பழகிவிட்டது. கோளாறு வேறிடத்தில் இருந்தது. அவர் மாத்திரையைத் தினமும் சோற்று மீனுக்குள் ஒளித்துப் பார்த்திருக்கிறார். சில பூனைகள் அப்படியே விழுங்கிவிடும். அந்த வீட்டுக்கு நான் தேவையில்லை. சுந்தரி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து மீனையே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், கொழுத்ததாயிருந்தால் இன்னும் சீக்கிரம், ஈரலில் கொழுப்பு ஏறிப் புதிய நோயே வரும்.

மண்டியில் அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது: எடையில் ஒருமுறை ஏமாந்தவன் ஏழு தெரு சுற்றினாலும் நம் கடைக்கு வரமாட்டான். சுந்தரியின் கணக்கில் நடந்தது கலப்படம். மருந்தை மருந்தாகக் கொடுக்க வேண்டும், மீனை மீனாகக் கொடுக்க வேண்டும். முதலில் வேலை, உடனே கூலி.

ஐந்தாம் நாளிலிருந்து மாற்றினோம். அட்டையைப் பூனை இல்லாத அறையில் உடைத்து, மாத்திரையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டோம். இடம் எப்போதும் ஜன்னலோர மேசை. துரத்தல் அறவே இல்லை. தண்ணீர் இறங்கிய அதே நொடியில், உப்பும் மிளகாயும் படாமல் அவித்த கொழுவா, நம் நெத்திலிதான், மூன்று. அதோடு தினமும் வேறொரு வேளையில் துவாலையை விரித்து, சுற்றாமல், பிடிக்காமல், ஒரு கொழுவா. துவாலை வந்தாலே மாத்திரை என்ற கணக்கை இப்படிக் கலைத்தோம். எட்டாம் நாள் வரை அலமாரிதான். ஒன்பதாம் நாள் நாற்காலி வரை இறங்கினாள். பதின்மூன்றில் சேச்சி தனியாகக் கொடுத்தார். நான் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

முதல் மாத்திரையை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். பலமும் ஒரு துணியும் போதும். இருபத்தோராவதைக் கொடுக்க, இருபது நாளும் பூனையோடு கணக்கு நேராக இருக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் காலை போன். “மருந்து முடிஞ்சுது அண்ணாச்சி. ஆனா அதே நேரத்துக்கு மேசை மேலே ஏறி உட்கார்ந்திருக்கா. என்ன செய்ய?”

“கொழுவா இருக்கா?”

“இருக்கு.”

“மூணையும் கொடுத்துடுங்க. வேலைக்கு வந்தவளைச் சும்மா அனுப்பக்கூடாது.”