துருத்தி ஊதிய சிறுவன்

பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் துவிச்சக்கரவண்டிப் பந்தயம் 1903ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. பல நாட்கள், பல கட்டங்களாக நடைபெறும் அப்பந்தயத்தில் வென்றோரைக் காட்டிலும் தோற்ற ஒருவரையே நாம் பெரிதும் நினைப்பதுண்டு.

1913இல் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்குகையில், யூஜின் கிறிஸ்தோப் என்பவரது வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கவர் முறிந்தது. பிறர் உதவி பெறலாகாதென்பது விதி. வண்டியைச் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையடிக் கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். இரும்பைக் காய்ச்சித் தாமே பொருத்தினார். மணிக்கணக்காயிற்று. ஆயினும், துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன் என்பதற்காக நடுவர்கள் அவருக்குத் தண்டனையும் விதித்தனர்!

அதனை முதலில் வாசித்த அன்று நாம் நடுவர்களை ஏசினோம். இன்று வேறொன்றும் தோன்றுகிறது. நாம் வண்டி பழகிய நாளில், ஆசனத்தைப் பிடித்தபடி பின்னே ஓடிவந்தவர் எம் தமையனார். அவர் பிடியை விட்டதை அறியாமலே தெருக்கோடிவரை சென்று, எவர் உதவியுமின்றிப் பழகிவிட்டதாக வீட்டிற் பெருமை பேசினோம். அவரோ மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நடுவர்களாவது அச்சிறுவனின் கையைக் கணக்கில் எடுத்தனர். நாம் எம் தமையனாரின் கையை எடுத்தோமில்லை.