ஏறுகுச்சியும் முருக்குத்தடியும்

மக்களே, இது மரம் ஏறுறதைப் பத்தின பதிவு. எழுதுறவன் பெங்களூர்ல ஏசி ரூமுக்குள்ள பொட்டி தட்டுறவன். கடைசியா மரத்துல ஏறினது அஞ்சாங்கிளாஸ் படிக்கிறப்ப, பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்காக. தகுதி அவ்வளவுதான். இருந்தாலும் ரெண்டு மாசமா இதே நினைப்பாத் திரிஞ்சதுல கொஞ்சம் விஷயம் சேர்ந்துடுச்சு. அதை இங்க இறக்கி வைக்கிறேன் :-)

நமக்குச் சொந்த ஊர் ராயகிரி. சிவகிரிக்குப் பக்கம். 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், அதுக்கப்புறம் தென்காசி மாவட்டம். மேக்கே பார்த்தா மேற்குத்தொடர்ச்சி மலை. மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் காலையில மொட்டைமாடியில நின்னு பார்த்தா, கையை நீட்டினா தொட்டுடலாம்னு இருக்கும். அழகு எல்லாம் மாடியில நின்னு பார்க்கிறவனுக்கு. அடிவாரத்துல வயல் வச்சிருக்கிற எங்க மாமாவுக்கு அந்த மலைன்னா ஒரே அர்த்தம்: காட்டுப்பன்னி.

மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ராத்திரி கூட்டமா இறங்கும். தின்னுட்டுப் போனாக்கூடப் பரவாயில்லை, மிதிச்சுச் சாய்க்கிறதுதான் ஜாஸ்தி. கடலை போட்டா மூக்கை வச்சு உழுதே போட்டுடும். வேட்டையாடுறது வனவிலங்குச் சட்டத்தால முடிஞ்ச கதை. 2025 ஜனவரியில தமிழக அரசு காட்டுப்பன்னிக்குன்னு ஒரு முடிவு சொல்லுச்சு. காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறை ஆட்களே சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள்ள இருந்தா பிடிச்சுக் காட்டுல விடலாம், 1 கிலோமீட்டருக்குள்ள கொல்லவே கூடாது. மாமா வயல் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள வருது. கரண்ட் வேலி போடுறது குற்றம், அதுல மனுஷனும் சாவான். மிச்சம் இருக்கிற வழி பழைய வழிதான். வேப்பமரத்துல பரண் கட்டி, ராத்திரி முழிச்சிருந்து, டார்ச் அடிச்சு, தகரம் தட்டி விரட்டுறது.

பரண் தரையில இருந்து 14 அடி. மாமாவுக்கு வயசு 61. ஏறுறதுக்கு ஒரு மூங்கில் ஏணி, அதுல ரெண்டு படி கயித்தால கட்டினது. விடியக்காலம் நாலரை மணிக்கு, பாதித் தூக்கத்துல, பனி பிடிச்ச ஏணியில, டார்ச்சைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இறங்குவார். போன தடவை ஊருக்குப் போனப்ப அதை நேர்ல பார்த்தேன். அன்னிக்குப் பிடிச்சது இந்தப் பைத்தியம்.

எங்க ப்ராஜெக்ட்ல விஸ்கான்சின்காரர் ஒருத்தர் இருக்கார். இலையுதிர் காலம் வந்தா வில்லைத் தூக்கிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பிடுவார். அங்க அதுக்கு லைசென்ஸ், சீசன் எல்லாம் உண்டு. வில்லு கிட்டத்துல வந்தாத்தான் எடுபடும், அதனால மரத்து மேல உட்கார்ந்து காத்திருக்கணும். அவர்கிட்ட மாமா கதையைச் சொன்னதும் வீடியோ கால்ல ஒரு பையைத் திறந்து காமிச்சார்.

உள்ள இருந்தது க்ளைம்பிங் ஸ்டிக். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய நீளத்துல அலுமினியக் குழாய். மேல ஒரு படி, கீழ ஒரு படி. நடுவுல ஒரு கயிறோ பட்டையோ வச்சு மரத்தைச் சுத்தி இறுக்கிடலாம். ஒண்ணு கட்டி, அதுல ஏறி நின்னு, அடுத்ததை மேல கட்டி, இப்படியே போறது. நான் இதுக்கு ஏறுகுச்சின்னு பேர் வச்சுட்டேன். உங்களுக்கு வேற நல்ல பேர் தோணினா பின்னூட்டத்துல சொல்லுங்க.

அடுத்து அவர் காமிச்சது எய்டர். குச்சியோட அடியில தொங்கவிடுற கூடுதல் படி. நம்ம பாஷையில சொன்னா தொங்குபடி. ஏறுகுச்சி ஒண்ணு ஒரு கிலோ கிட்ட இருக்கும். வேட்டைக்காரர் அதைச் சுமந்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு மைல் காட்டுக்குள்ள நடக்கணும், சாயங்காலம் கழட்டிக்கிட்டுத் திரும்பணும். தொங்குபடி இருந்தா ஒவ்வொரு குச்சியையும் இன்னும் ஒன்றரை அடி தள்ளிக் கட்டலாம். குச்சி எண்ணிக்கை குறையும், பாரமும் குறையும். இதைக் கேட்டதும் மாமாவுக்கு இதுதான் சரின்னு குதிச்சேன். அவர் சிரிச்சுட்டு, எதுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கோன்னார்.

தொங்குபடியில நாலு வகை இருக்கு. சுருக்கமாச் சொல்றேன்.

முதல் வகை நாடாப் படி. பாராசூட் பெல்ட் மாதிரி கெட்டி நாடாவைத் தைச்சு வளையம் வளையமா விட்டிருப்பாங்க. ஒரு படியும் உண்டு, அஞ்சு படியும் உண்டு. மடிச்சா பாக்கெட்ல போய்டும், சத்தம் வராது. ஆனா வளையத்தோட வாய் மூடிக்கும், இருட்டுல கால் நுழையாது. கொஞ்சம் நல்ல சரக்குல வாய் திறந்தே இருக்க உள்ள விறைப்பா ஏதாவது வச்சுத் தைச்சிருப்பாங்க.

ரெண்டாவது கம்பிப் படி. ஸ்டீல் கேபிள்ல, மிதிக்கிற இடத்துல குழாய் மாட்டினது. வளையம் உருக்குலையாம நிக்கும். கால் தேடினா கிடைக்கும். மடிக்கிறது கஷ்டம், குச்சியில இடிச்சாச் சத்தம் வரும்.

மூணாவது விறைப்புப் படி. இரும்பு இல்லேன்னா அலுமினியத்துல செஞ்சு குச்சியோட அடியில மாட்டுறது. ஆடாது, மரத்தை விட்டு நாலு விரல் தள்ளி நிக்கும். பாரம் கூட.

நாலாவது காலோட கட்டிக்கிற படி. முழங்கால்ல மாட்டி, அதுல இருக்கிற கொக்கியைக் குச்சியில போட்டு ஏறுறது. பழகினவங்களுக்கு மட்டும். மாமாகிட்ட இதைச் சொன்னா என்னையே மரத்துல கட்டிடுவார்.

இதுல எதை எடுத்தாலும் ரெண்டு வில்லங்கம் இருக்குன்னார் நண்பர். ஒண்ணு, தொங்குற படியில பாரம் வைக்கிறப்ப கால் மரத்தடிப் பக்கம் உள்ள போகும், உடம்பு பின்னால சாயும், மொத்த பாரமும் கைக்கு வரும். கொஞ்சம் பக்கவாட்டுல உதைச்சுட்டா மேல கட்டின குச்சியே சுழன்டுடும். கால் விரலை மரத்தோட ஒட்டி வச்சு நேர் கீழ மிதிக்கணும். ரெண்டாவது, இறங்குறது. மேல குச்சிமேல நிக்கிறவனுக்குக் கீழ தொங்குற வளையம் தெரியாது.

இந்த ரெண்டாவது பாயிண்ட்டை நான் பெருசா எடுத்துக்கலை. அதை உறைக்க வச்சது ஊர்ல ஒரு தாத்தா.

பல வருஷம் பனை ஏறினவர். பனையேறிங்களுக்குன்னு ஒரு செட்டு சாமான் உண்டு. காலை இணைச்சுப் போடுற தளைநார், நெஞ்சு தேயாம இருக்க மார்புல கட்டுற தோல் பட்டை, பாளை சீவுற அருவா. இதோட ஒண்ணு முருக்குத்தடி. சில பக்கம் மிருக்குத்தடின்னும் சொல்லுவாங்க. பனையோட தூர்ல சாய்ச்சு வச்சு, அதுல மிதிச்சு முதல் எட்டு எடுத்து வைக்கிறது. அவ்வளவுதான் அதோட வேலை. அது நம்ம ஊர் எய்டர்தானே! கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.

"எதுக்கு தாத்தா தூருக்கு மட்டும் தடி? மேலே வேண்டாமா?"

"தூரு பெருத்திருக்கும்லா பேராண்டி, கைக்கு அடங்காது. அந்த நாலடி தாண்டிட்டா பிறவு பனையே ஏணிதான்."

"அந்தத் தடிக்குப் பதிலா நாடாவுல வளையம் போட்டுத் தொங்கவிட்டா?"

மனுஷன் கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஏறயில கண்ணு பாக்கும். இறங்கயில காலுல்லா பாக்கணும்? ஆடுற படிய காலு எப்பிடிப் பாக்கும்?"

விஸ்கான்சின்ல சொன்னதும் இதேதான். ஒரு சீசன்ல ஒரு நாளைக்கு 30, 40 பனை ஏறி இறங்கின கால் சொன்னப்பதான் மண்டைக்குள்ள போச்சு.

மரம் ஏற உதவி தேடுறது நமக்கு ரொம்பப் பழசு. மலைபடுகடாம்ல தேன் எடுக்க மலைச்சரிவுல ஏறுறவங்க வைக்கிற ஏணிக்கு மால்புன்னு பேர் வருது. கணு கணுவா இருக்கிற ஒத்தை மூங்கில், அந்தக் கணுவே படி. கண்ணேணின்னும் சொல்றது. ஒத்தைக் கம்பு, ரெண்டு பக்கமும் கால் வைக்க இடம். அலுமினியம் தவிர ஏறுகுச்சியில புதுசா என்ன இருக்கு சொல்லுங்க!

"தென்னை ஏறுற மெஷின் இருக்கேப்பா"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. இருக்கு. 2011-ல தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் தோழர்கள்'னு ஆறு நாள் பயிற்சி ஆரம்பிச்சப்ப அந்த மெஷினைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா அது கிளை இல்லாத, உருண்டையான, ஒரே சீரான மரத்துக்கு. முண்டும் முடிச்சுமா கிளை விட்டு நிக்கிற வேம்புக்கு ஆகாது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு குச்சியோட ரெண்டு படிக்கும் இடைவெளி 17 அங்குலம். ஒரு குச்சியோட மேல்படிக்கும் அடுத்த குச்சியோட கீழ்ப்படிக்கும் 18 அங்குலம்னு வச்சுக்குவோம். ஆகக் குச்சி ஒண்ணுக்கு 35 அங்குலம். நாலு குச்சின்னா 140 அங்குலம், அதாவது 11 அடி 8 அங்குலம். 14 அடிப் பரணுக்கு எட்டாது. நாலுலயும் 18 அங்குலத் தொங்குபடி மாட்டினா 72 அங்குலம் கூடும், 17 அடி 8 அங்குலம் வந்துடும். தாராளம். இல்லேன்னா தொங்குபடியே வேண்டாம்னு அஞ்சாவது குச்சி போட்டா 175 அங்குலம், 14 அடி 7 அங்குலம். அதுவும் எட்டிடும்.

வேட்டைக்காரருக்கு முதல் கணக்கு சரி. தினம் வேற மரம், தினம் சுமக்கணும், அவருக்குப் பாரம்தான் எதிரி. மாமாவுக்கு ஒரே மரம், சோளம் அறுக்கிற வரைக்கும் ஒரே இடம். சுமக்கிற வேலையே இல்லை. நாலு தொங்குபடியால மிச்சமாகிறது ஒரு குச்சி. அதுக்குக் கொடுக்கிற விலை, தினமும் விடியக்காலம் கண்ணுக்குத் தெரியாத ஆடுற படி நாலு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா அஞ்சு குச்சிதான்.

தொங்குபடி வேணும்னா ஒரே இடத்துக்கு மட்டும் வேணும். வேம்போட தூர் பெருத்துப் புடைச்சு இருக்கு, பட்டை சரியா உட்கார மாட்டேங்குது. முதல் குச்சியைக் கொஞ்சம் மேல தள்ளிக் கட்ட வேண்டியதாப்போச்சு. அந்த இடைவெளிக்கு முருக்குத்தடி கணக்குல விறைப்புப் படி ஒண்ணு, கழட்டி மாட்டுற மாதிரி. பகல்ல கழட்டி எடுத்துட்டா சின்னப்பசங்க ஏறி விளையாடவும் முடியாது.

அலுமினியக் குச்சியை அமெரிக்காவுல இருந்து வரவழைச்சா கட்டுப்படி ஆகாது. சிவகிரியில ஒரு வெல்டிங் பட்டறையில இரும்புல அடிச்சாச்சு. மரத்தோட ஒட்டுற பக்கம் வி வடிவத்துல கவ்வு, ஒவ்வொரு படியும் மரத்துல இருந்து நாலு விரல் தள்ளி, மிதிக்கிற இடத்துல வழுக்காம இருக்கப் பல்லு வெட்டினது. கட்டுறதுக்கு லாரியில சரக்கு இறுக்குற பெல்ட். ஏறுறதுக்கு முன்னால ஒவ்வொரு குச்சியையும் முழங்கால் உயரத்துல கட்டி, மாமாவும் நானும் சேர்ந்து ஏறி நின்னு குலுக்கிப் பார்த்தோம். ரெண்டு பேரும் சேர்ந்து 150 கிலோ. இதுல 90 யாருதுன்னு கேக்காதீங்க.

யாராவது செய்யப்போறதா இருந்தா இன்னொண்ணு. பெல்ட்டை வருஷக்கணக்கா மரத்துலயே விட்டுடாதீங்க. வெயில் நூலைத் தின்னுடும், வெளியில பார்த்தா தெரியாது. மரமும் பெருத்து பெல்ட்டை இறுக்கும். அறுப்பு முடிஞ்சதும் கழட்டி வீட்டுக்குள்ள வச்சுட்டு, அடுத்த சீசனுக்கு நைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் கட்டணும். டார்ச்சைக் கையில பிடிக்காம நெத்தி லைட் போட்டுக்கணும். ரெண்டு கையும் ஒரு காலும், இல்லேன்னா ரெண்டு காலும் ஒரு கையும் எப்பவும் பிடிமானத்துல இருக்கணும்.

கடைசியா ஒரு பிரச்சினை பாக்கி இருக்கு. அமெரிக்காவுல வேட்டைக்காரங்க அடிபடுறதுக்கு முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு மரத்துல இருந்து விழுறது. அதனால நண்பர் கண்டிஷனாச் சொன்னது, குச்சி எதுவானாலும் இருக்கட்டும், உடம்புல பெல்ட் போட்டு அதை மரத்தோட இணைக்காம தரையை விட்டுக் காலை எடுக்காதேன்னு. ஈபி லைன்மேன் போடுவாரே, அந்த மாதிரி. வாங்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருமவனே, பனையேறி போட்டானா இந்த பெல்ட்டு?"

"போடலை மாமா. அதனாலதான் எத்தனை பேர் விழுந்தாங்கன்னு அந்தத் தாத்தாகிட்டயே கேளுங்க."

ஒண்ணும் பேசலை. பெல்ட்டை எடுத்துப் பரண் தூண்ல மாட்டி வச்சிருக்காராம். அதாவது ஏறிப்போனப்புறம் எட்டுற இடத்துல :-( அத்தைகிட்டப் போட்டுக் கொடுத்தாச்சு. பெல்ட் இடுப்புல இல்லாம கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டுத் தூக்கு கிடையாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க. மூணு நாளா போட்டுக்கிட்டுத்தான் போறாராம். சோளம் அறுக்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.

டிஸ்கி: பரண் பன்னிக்குத்தான். யானை இறங்குற பக்கம்னா மரத்து மேல இருக்கோம்கிற தைரியம் வேண்டாம், வனத்துறைக்குத் தகவல் சொல்லிட்டு வீட்டுல படுத்துத் தூங்குங்க.